சூசையப்பர் குடிவந்த சைக்கிள் கொட்டகை

கடத்தூருக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் மாதா கோயிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஒரு காலத்தில் உர மூட்டை அடுக்கிய இடம். ஓசூர்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த சவுரியப்பன் அதைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் பழுதுபார்க்கும் இடமாக்கினார். காசு வாங்குவது கிடையாது. ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. யாருடைய சைக்கிளையும் அவர் தொடமாட்டார். கொண்டுவந்தவர்தான் ஸ்பேனர் பிடிக்க வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று வாயால் சொல்வார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்குமா? பூசைக்கு வரும்போது சைக்கிளை அங்கே சாத்திவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் சாத்தியது சாத்தியபடியே இருக்கும். ஓசி வேலைக்கு இவ்வளவு திமிரா என்று பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீம்பால்தான் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் பஞ்சர் ஒட்டக் கற்றார்கள். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் வந்தார்கள். வீடு வீடாகப் பால் ஊற்றும் அருள்ராணி பின்சக்கரத்தைக் கழற்றி, பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டிய அன்று, சவுரியப்பன் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அவருக்கென்று இருந்தது அந்தக் கொட்டகை ஒன்றுதான்.

மழை வந்தால் தகரம் ஒழுகும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அதே இடத்தில் புதுக் கட்டடம் கட்டித்தர முன்வந்தார். சவுரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏசுவை வளர்த்த சூசையப்பர் தச்சுவேலை செய்தவர், கருவி பிடித்த கை, அவர் படம் ஒன்றைச் சுவரில் மாட்டலாம் என்று அவரே வாயைக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் படத்தோடு நிறுத்துவார்களா? ஆளுயரச் சுரூபம் வந்தது. திறப்பு விழாவில் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கட்டடத்தை மந்திரித்தார். கூடவே ஸ்பேனர், சுத்தியல்களையும் மந்திரிக்கச் சொல்லி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மறுநாளே வாசலில் செருப்புகள் கிடந்தன. மந்திரித்த இடத்தில் யார் செருப்போடு நுழைவார்கள்? செருப்பே போகாத இடத்தில் சைக்கிள் எப்படிப் போகும்? புதன்கிழமைதோறும் ஜெபமாலை தொடங்கியது. சாவி, ஜெபக்குழுவுக்குத் தலைவியாகிவிட்ட அதே அருள்ராணியின் கைக்குப் போனது. இந்தப் பக்தியைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. திட்டி விரட்டியிருந்தால்கூட மனிதர் எதிர்த்து நின்றிருப்பார். கும்பிடுகிறவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது?

ஒரு புதன்கிழமை விடுதிப் பிள்ளை தேன்மொழி, செயின் அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் வைத்தாவது சரிசெய்துகொள்ளட்டும் என்று, சவுரியப்பன் ஜெபம் முடியும்வரை காத்திருந்து அலமாரியைத் திறக்கச் சொன்னார்.

“மந்திரிச்ச சாமானுங்கண்ணா. அதுல கிரீஸ் பட்டா பாவமில்லீங்களா?” என்றாள் அருள்ராணி. மரியாதையாகத்தான் சொன்னாள்.

தேன்மொழி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கடத்தூர்ச் சாலையில் நடக்கத் தொடங்கினாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற சவுரியப்பன் அருள்ராணியிடம் மெல்லக் கேட்டார்.

“உன் சைக்கிளுக்கு ஏதாச்சும்னா என்னம்மா பண்றே?”

“கடத்தூர்ல கடைக்குக் குடுத்துர்றங்கண்ணா. அவங்களே எல்லாம் பாத்து வெச்சிருவாங்க. நமக்கெதுக்குங்க கையில அழுக்கு?”

அன்றைக்குப் பிறகு சவுரியப்பன் பூசைக்கும் வருவதில்லை. மனிதருக்கு விசுவாசம் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவர் மனம் திரும்ப வேண்டும் என்று புதன்கிழமைதோறும் சூசையப்பருக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறாள் அருள்ராணி.