பட்டனை மட்டும் அமுக்குகிறவர்

நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவர் செய்யக்கூடாத காரியம். மேஜையில் ஒரு கத்தரிக்கோல் கிடக்கிறது. இன்னொன்று கழுத்தில் நாடாவில் தொங்குகிறது. இரண்டையும் வாய் முந்திக்கொள்கிறது. "ஒரு நாள் இந்த முன்பல்லு என்கிட்டதான் வரப்போகுது" என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். "வரட்டும் டாக்டர். சொந்தக் கடையில செலவு பண்ணா என்ன தப்பு?" என்பது அவருக்குக் கிடைத்த பதில்.

பகலில் பல் கிளினிக்கின் முன்மேஜை. அடுத்து யார், எந்தப் பல், வலியா வெறும் பயமா என்று விசாரித்து உள்ளே அனுப்புவது வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து, கைப்பையை நாற்காலியில் போட்ட கையோடு எம்பிராய்டரி மெஷினை ஓடவிடுகிறார். அது தைப்பது சின்னச் சின்னத் துணிப்பைகள். உள்ளங்கையில் அடங்கும். ஒரு பிடி மிட்டாயோ நாலு சாக்லேட்டோ போட்டு, வாயைச் சுருக்கி நாடாவால் கட்டிக் கொடுக்கலாம். முன்பக்கம் நூலால் ஒரு படம். விற்பதில்லை, கொடுப்பதோடு சரி. பிறந்தநாள், புது வீடு, வேலை மாற்றம், காய்ச்சல் விட்ட மறுநாள் என்று ஏதாவது ஒரு சாக்கு அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால், "சும்மாதான், வெச்சுக்கோங்க" என்று கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

மிட்டாய்ப் பையைப் பல் கிளினிக்கில் வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். "சாப்பிட்டாதானே டாக்டர் திரும்ப வருவாங்க" என்றார் இவர். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, சர்க்கரை இல்லாத மிட்டாய்தான் போட வேண்டும் என்று விதி செய்தார். குழந்தைகளுக்கு அந்த மிட்டாய் பிடிப்பதில்லை. பை பிடிக்கிறது. இவரைப் 'பை ஆன்ட்டி' என்கிறார்கள். கதவருகே நின்று கையை ஆட்டிக்கொண்டு அதையே சொல்லும்போது, கூப்பிடுகிறார்களா கிளம்புகிறார்களா என்று யாரும் ஆராய்வதில்லை.

யாருக்கு எந்தப் படம் என்பதை இவரே முடிவு செய்வார். சம்பந்தப்பட்டவரைக் கேட்கும் வழக்கம் கிடையாது. டாக்டருக்கு வாயைப் பிளந்த நீர்யானை. வீட்டு உரிமையாளருக்குச் சொட்டுகிற குழாய். "ரிப்பேர் பண்ணுங்கன்னு வாயால சொல்லிப் பாத்தாச்சு. துணியால சொன்னாலாவது உறைக்குதான்னு பாப்போம்." உரிமையாளர் பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, சொட்டுத் தண்ணீர் தத்ரூபமாக இருப்பதாகப் பாராட்டி வாங்கிப் போனார். குழாய் இன்னும் சொட்டுகிறது.

வீட்டில் படுக்கையறை மெஷினுக்கு. கட்டிலின் பாதியில் துணி; மீதியில் நூல்கண்டுகள், நிறவாரியாக, அட்டைப்பெட்டிகளில். கணவர் கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்து வெகு நாளாகிறது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். புதியவர்கள் பக்கத்தில் காலமெல்லாம் உட்கார்ந்த பழக்கத்தில், எது வேகமாக ஓடுவதைப் பார்த்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மெஷின் ஓடும் அறைக்குள் வரும்போதும் அழுத்துகிறது. "கொஞ்சம் ஸ்பீடைக் குறைம்மா" என்பார். "இது உங்க ஸ்டூடன்ட் இல்லீங்க, என் மெஷின். பிரேக் இல்லாமலே நிக்கும்" என்பார் இவர்.

நிற்கத்தான் செய்கிறது, அடிக்கடி. ஃப்ரேம் என்கிற பிளாஸ்டிக் வளையத்தில் முதலில் ஒரு முரட்டுத் தாளை இழுத்து மாட்ட வேண்டும். "தட்டினா மேளம் மாதிரி கேக்கணும்" என்று விரலால் சுண்டிக் காட்டுகிறார். மெஷின் அந்தத் தாளில் ஒரு கட்டத்தைத் தைத்துவிட்டு நிற்கும்: துணியை இங்கே வை என்று அர்த்தம். வைத்து, நீவி, பட்டனை அமுக்கினால் படம் விழத் தொடங்கும். நிறத்துக்கு நிறம் நிற்கும்; நூல் மாற்றி மறுபடி அமுக்க வேண்டும். கடைசியில் பின்பக்கத் துணியைக் கவிழ்த்து வைத்தால் மூன்று பக்கமும் தைத்து மூடிவிடும். பிறகு கழற்றி, ஓரம் நறுக்கி, உள்ளே இருப்பதை வெளியே புரட்டி, பின்னல் ஊசியின் மொட்டை முனையால் மூலைகளைத் தள்ளி, இஸ்திரி போட்டு, நாடா கோக்க வேண்டும். படம் விழுகிற நேரத்தில் மட்டும் சமையலறைக்குப் போவார். அங்கிருந்தே காது வேலை செய்யும். "அடிநூல் தீந்துபோச்சு" என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவார். மேலுக்கு மெஷின் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருக்கும். தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு முடிச்சும் விழுந்திருக்காது.

இவ்வளவையும் அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அக்காவின் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள். இவர் கொண்டுபோன பையில் ஓர் ஆந்தை. இவர் கணக்கில் அது உச்சபட்ச மரியாதை. பள்ளிப் பரீட்சைக்கு இவர் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிழ, பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்து எழுப்பிவிட்டது அக்காதான். அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பிறந்தநாளும் அதுவுமாய் ஆந்தையா என்று யாரோ முணுமுணுக்க, "எல்லாம் என் கையால செஞ்சதுக்கா" என்று இவர் அவசரமாகச் சொல்ல, அக்கா பையை உயர்த்திப் பிடித்து, "உன் கை எங்கடி செஞ்சுது? மெஷின் செஞ்சுது. நீ பட்டனை அமுக்கின" என்றார். வீடு சிரித்தது. இவரும் சிரித்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டார்.

அதன் பிறகு அக்கா இந்த வீட்டுக்கு வரவில்லை. இவரும் அங்கே போகவில்லை. போனில் உடம்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பையை நீட்டும்போதெல்லாம், "மெஷின்ல போட்டதுங்க. நான் பட்டனை மட்டும்தான் அமுக்கினேன்" என்று இவரே சொல்லிவிடுகிறார். கேட்காதவர்களிடமும் சொல்கிறார். பல்லில் பஞ்சோடு வெளியே வரும் நோயாளிகளிடமும் சொல்கிறார். அவர்களால் மறுத்துப் பேச முடிவதில்லை.

இந்த நிலையில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. இவருக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெண்ணுக்கு நடை பழக்கியது, முதல் பல் ஆடியபோது மடியில் உட்காரவைத்துக்கொண்டது எல்லாம் இவர்தான். அவள் நேராகப் போன் செய்தாள்.

"சித்தி, வர்றவங்க எல்லாருக்கும் உங்க பைதான். உள்ள சாக்லேட். மேல ஒரு குடை போட்டுடுங்க."

"குடை எதுக்குடி?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

"உங்கம்மா?"

"அம்மா வந்து பாத்துட்டுச் சொல்றேன்னாங்க."

ஆக, அக்கா சரி என்றால் பை. இல்லையென்றால் பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டி. கடையில் மாதிரிகூடப் பார்த்தாகிவிட்டது. "வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போகட்டும். எனக்கென்ன, வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே இவர் ஜன்னல் திரையைத் துவைத்தார், மெஷினுக்கு எண்ணெய் போட்டார், கட்டிலில் கிடந்த துணியை மடித்தார், கிளினிக்குக்கு லீவு சொன்னார். டாக்டர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். "அக்கா வர்றாங்க" என்றார். அதுவே போதும் என்று டாக்டருக்குத் தோன்றியது.

அக்கா வந்தார். தோளில் நீலக் கம்பளிச் சால்வை. வரப்போகும் மாப்பிள்ளை வாங்கித் தந்தது என்பதை வாசலிலேயே தெரிவித்துவிட்டார்.

"எங்க, காட்டு. என்னதான் பண்றேன்னு பாப்போம்."

"பாரு. பட்டன் இதோ இருக்கு."

"குத்திக் காட்டாத."

"நான் எங்க குத்தறேன்? மெஷின்தான் குத்துது."

அக்கா நாற்காலியை மெஷினுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சோதனை போட வந்த அதிகாரி மாதிரி இருந்தது. மஞ்சள் நூலில் குடை விழத் தொடங்கியது.

"இப்ப ஏன் நின்னுடுச்சு?"

"நூல் மாத்தணும்."

"இப்ப?"

"மிச்ச நூலை நறுக்கணும்."

"அந்தத் துணியை ஏன் இவ்வளவு நேரம் தடவிக்கிட்டிருக்க?"

"சுருக்கம் இருந்தா குடை கோணிக்கும்."

"அப்ப மெஷின் என்னதான்டி பண்ணுது?"

இவர் வாயில் நூல் இருந்தது.

பின்பக்கத் துணி கவிழ்ந்தது. பட்டன் அமுங்கியது. மூன்று பக்கமும் தையல் ஓடி முடிந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிய இடம் பாரு. பெட்டின்னா ஒரு எடுப்பா இருக்கும். வீட்ல பேசிட்டுச் சொல்றேன்."

அந்தக் குடும்பத்தில் 'பேசிட்டுச் சொல்றேன்' என்றால் பேசி முடித்தாகிவிட்டது என்று பொருள். இவர் தலையை ஆட்டினார். அக்கா எழுந்தார். மெஷின் விடவில்லை.

ஃப்ரேமுக்கு அடியில் எது நுழைந்தாலும் இந்த வகை மெஷின் கேள்வி கேட்காமல் சேர்த்துத் தைத்துவிடும். சட்டைக் கையைச் சேர்த்துத் தைத்தவர்கள் உண்டு; மேஜை விரிப்பைத் தைத்தவர்கள் உண்டு. அக்கா எட்டி எட்டிப் பார்த்ததில் சால்வையின் நுனி அடியில் போயிருந்தது. குடைப் பையும் மாப்பிள்ளை தந்த சால்வையும் இப்போது ஒரே துணி.

"ஆடாதக்கா. உக்காரு."

சத்தம் கேட்டுக் கணவர் எட்டிப் பார்த்தார். வலது கால் தரையை அழுத்தியது. "அண்ணியையும் சேத்துத் தைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேரும் பார்த்த பார்வையில் வாசற்படி வரை பின்வாங்கினார்.

"இதைப் பிரிக்க ஒரு பட்டன் இல்லையாடி?" என்றார் அக்கா.

"அதுக்கு வைக்கலை."

ஃப்ரேமை மெஷினிலிருந்து கழற்றி, தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியை எடுத்துக்கொண்டார். "சால்வையைக் கழட்டி வெச்சுட்டுப் போக்கா. நிதானமா பிரிச்சு வைக்கிறேன்."

"நானே கார்ல கொண்டுவந்து குடுத்துடறேன் அண்ணி" என்றது வாசற்படி.

அக்கா கதவைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். தோளிலிருந்து நழுவவிட்டால் போதும். வேறெதுவும் அவரைப் பிடித்துவைத்திருக்கவில்லை.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி வீண் அலைச்சல்" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தார்.

ஃப்ரேம் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாக இருந்தது. கம்பளியில் விழுந்த தையல் லேசில் பிரியாது. நூலும் மயிரும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு தையலாகக் கொக்கியை நுழைத்து, தூக்கி, அறுத்து, துகளை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

"ஓட்டை தெரியுமா?"

"தெரியும்."

"மாப்பிள்ளை கேட்டா என்ன சொல்றது?"

"அது மேலயே சின்னதா ஒரு குடை போட்டுடறேன். மறைஞ்சிடும்."

அக்கா நுனியைத் திருப்பிப் பார்த்தார். "பொண்ணோட அம்மாவுக்கு மட்டும் குடை, வந்தவங்களுக்கெல்லாம் அட்டைப்பெட்டின்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது."

"அதான் சொல்றேன். மஞ்சள் கொஞ்சம் கம்மி பண்ணு. கண்ணைக் குத்துது."

"சரிக்கா."

வாசற்படியில் நின்றவர் காலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு பக்கத் தையலும் பிரிந்து, மூன்றாவது பக்கமும் முடியப் போகிற நேரம். மூலையில் நாலைந்து தையல் பாக்கி. சற்று இழுத்தால் வந்துவிடும் போலிருந்தது. அதை இவர் விரலால் தடவிப் பார்த்தார். கொக்கிக்கு மூடி போட்டு மேஜையில் வைத்தார். ஃப்ரேமை முழுசாக அக்காவின் மடிக்குத் தள்ளிவிட்டு, "டீ போட்டுட்டு வரேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனார்.