பாயின்ட் ஏழு எங்கிருந்து வந்தது?

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று இரண்டு வாசகர்கள் கார்டு போட்டிருக்கிறார்கள். (இரண்டே பேர்தான்!) என் மகள் பிரேமாவுக்குக் காய்ச்சல். ஆறு வயசு. ஒரு வாரமாக விடவில்லை. குழந்தை சுருண்டு படுத்திருந்தால் பேனா எங்கே ஓடும்?

பல்லாவரம் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார் – "மூணு வேளையும் டெம்பரேச்சர் பார்த்து ஒரு தாள்ல எழுதிக் கொண்டாங்க."

சொன்னது யாரிடம்? என்னிடம்! ஆபீசில் எனக்கு அதுதானே வேலை. ஓவர்சியர்கள் எழுதி வரும் கட்டட அளவுகளைச் சரிபார்க்கிறேன். அடி, அங்குலம் போய் மீட்டர் வந்ததிலிருந்து என் கொடிதான் பறக்கிறது. 4.37 என்பதை 4.4 என்று யாராவது சுருக்கி எழுதினால் அளவுப் புத்தகம் அப்படியே திரும்பிப் போகும். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் என்பதும் தெரியும்...

காலையில் நான் பார்த்து எழுதிவிட்டு ரயிலைப் பிடிப்பேன். மத்தியானமும் சாயந்திரமும் என் மனைவி எஸ்தர். முதல் நாள் வீட்டுக்கு வந்து தாளை எடுத்தால், அவள் எழுதியிருந்தது – 'நூறு இருக்கும்.'

"இருக்கும்னா என்ன அர்த்தம்? இது என்ன கத்திரிக்காயா, குத்துமதிப்பா போட? பாயின்ட்டோட எழுது எஸ்தர்!" என்று கத்தினேன்.

மறுநாளிலிருந்து பாயின்ட் வந்தது. 100.3... 100.7... 101.1. எனக்கு ஒரே பெருமை. இரண்டு கோட்டுக்கு நடுவில்கூடப் பார்த்து எழுதுகிறாளே, நம் ஓவர்சியர்களை இவளிடம் டிரெய்னிங்குக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அஸ்தினாபுரத்திலிருந்து குழந்தையை ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு போனோம். "இன்னா சார், பாப்பாவுக்கு இன்னும் வுடலியா?" என்று கம்பவுண்டர் எங்களை முதலில் உள்ளே அனுப்பினார். டாக்டர் தாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சாயந்திரத்துல நாளுக்கு நாள் ஏறிட்டே போகுதே... டைஃபாய்டா இருக்கலாம். இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துடறது நல்லது."

எஸ்தர் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் மறுபடி தாளைப் பார்த்தார். "ஒரு நிமிஷம். தெர்மாமீட்டர்ல ஒரு டிகிரிக்கு அஞ்சு கட்டம்தான். பாயின்ட் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. உங்க வீட்டுல மட்டும் பாயின்ட் ஏழு எங்கேருந்து வந்தது?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அந்தக் கோடு எனக்குத் தெரியலை டாக்டர். கிட்ட வெச்சுப் பார்த்தா எல்லாம் கலங்கலா இருக்கு. நெத்தியில கை வெச்சுப் பார்த்துத்தான் எழுதினேன். இவர் பாயின்ட் வேணும்னார்... போட்டேன். பயமா இருந்தா கொஞ்சம் ஏத்திப் போட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. "இப்ப கை வெச்சுப் பாரும்மா. நேத்தைவிட எப்படி இருக்கு?"

"நேத்தைவிடக் குறைவுதான்."

அவரே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 99.4.

"உங்க கை சரியாத்தாம்மா சொல்லுது. பாயின்ட்தான் கெடுத்துடுச்சு" என்றார். ஆஸ்பத்திரி வேண்டாம், இரண்டு நாள் பார்ப்போம் என்று அனுப்பினார். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. கடவுள் புண்ணியம்.

ஐந்தாம் நாள் டாக்டரிடமிருந்து திரும்பும்போதே ரிக்‌ஷாவில் மெல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி போட்டவளாம். நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, கண்ணாடி போட்ட பெண் என்றால் யோசிப்பார்கள் என்று அவள் அம்மா அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அப்புறம் போடவே இல்லை.

"எட்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு எங்க அம்மாவைத் திட்டுவீங்களோன்னுதான்."

தினமும் பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். என் குரல்மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! சட்டைப் பட்டனைக் கோணலாகத் தைத்தாள் என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்!

ஆபீசிலும் இப்போது ஒரு சந்தேகம். அதட்டினால் பாயின்ட் வந்துவிடுகிறது. ஓவர்சியர்கள் அளந்து பார்த்துத்தான் எழுதினார்களா, எனக்குப் பயந்து எழுதினார்களா? அந்தப் புத்தகங்களைத் திறக்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை புதுக் கண்ணாடி வருகிறது. "உனக்குத் தெரியுதா?" என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம்.

எட்டு வருஷத்தில் அதை மட்டும் நான் கேட்கவில்லை.