இரண்டு டாக்டர்கள், ஒரு பொருக்கு

பழுப்பு உறை. மாமாவின் பெயருக்கு முன்னால் மேஜர் என்றும் பின்னால் ஓய்வு என்றும் கொட்டை எழுத்தில் இருக்கும். சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அனுப்புகிறவர் கடல் தாண்டி இருப்பவர் இல்லை. கமுந்திங்கில் இருக்கும் கேப்டன் அங்கிள்தான், காரில் ஒரு மணி நேரம். போன் போட்டால் முடிகிற பேச்சை இருவரும் கடிதமாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். மாமா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது நான். மருமகளாக வந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

இருவரும் ராணுவ மருத்துவமனையில் ஒன்றாக வேலை பார்த்த டாக்டர்கள். காட்டுப் பயிற்சிக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய சிப்பாய்களை வைத்து உண்ணிக் காய்ச்சலை ஆராய்ந்தவர்கள். புல்லில் இருக்கும் பொடி உண்ணி கடித்து வருவது அது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். ஒழுங்காகத் தேடினால் எல்லா நோயாளியிடமும் அது கிடைக்கும் என்பது மாமாவின் கட்சி. பலருக்கு வராது, அதை நம்பி உட்கார்ந்தால் ஆளே போய்விடுவான் என்பது கேப்டன் அங்கிளின் கட்சி. வேறு வேறு முகாம்களுக்கு மாற்றலானபோது கடிதத்தில் தொடங்கிய சண்டை, ஓய்வு பெற்றும் ஓயவில்லை. மாமா தன் கட்சியை ஒரு கட்டுரையாக எழுதி, அச்சுக்கு அனுப்பும் நிலையில் வைத்திருந்தார். அவருடைய மொத்த உழைப்பும் அதில்தான் இருந்தது.

அதற்கு இன்னும் ஆதாரம் வேண்டுமென்று, அந்த வயதில், பீடோர் பக்கம் கைவிட்டுப்போன ரப்பர் தோட்டத்துக்குள், உண்ணி சுமக்கும் எலிகளைப் பிடிக்க, எலிப்பொறியோடு போனார். இடுப்பளவு லாலான் புல். சொன்னால் கேட்கிற ஆளா? கொஞ்ச நாளில் காய்ச்சல் கொளுத்தியது. கை, கால், வயிறு எல்லாம் தானே பார்த்துக்கொண்டார். "பொருக்கு இல்லம்மா. இது அந்தக் காய்ச்சல் இல்ல" என்று அதற்கான மாத்திரையைத் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றார். பிதற்ற ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, கமுந்திங்குக்குப் போன் போட்டேன்.

கேப்டன் அங்கிள் உடனே வந்துவிட்டார். "வாயத் தொறங்க மேஜர். முதல்ல மருந்து, சண்டைய அப்புறம் போடலாம்லா" என்று மாத்திரையை விழுங்க வைத்தார். மாமா தட்டுத்தடுமாறிச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்.

"என் கண்ணுக்கு எட்டாத எடத்த நீ பாரு."

அங்கிள் டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார். "ஒன்னும் இல்ல மேஜர்."

அந்த மருந்துக்குக் காய்ச்சல் சீக்கிரமே விட்டது, வந்தது உண்ணிக் காய்ச்சல்தான் என்று உறுதியானது. மாமா பிழைத்தார், கட்டுரை பிழைக்கவில்லை. "அவன் கண்ணு தப்பாதும்மா" என்று அதை அலமாரியில் போட்டுப் பூட்டினார். தோல்வியை ஒப்புக்கொண்டது என்னிடம் மட்டும்தான். கடிதத்தில் விட்டுக்கொடுப்பாரா? ஒரே ஆளை வைத்து எப்படி முடிவு சொல்வாய் என்று பக்கம் பக்கமாக வாதாடினார். அத்தனையும் என் விரல்களின் தலையில்தான் விழுந்தது.

மாமா போன வருஷம் காலமானார். முதல் திதிக்கு வந்த கேப்டன் அங்கிள், சாப்பிட்டுக் கை துடைத்தபடி சொன்னார்:

"அன்னைக்குப் பொருக்கு இருந்துச்சும்மா. தோளுக்குக் கீழ, முதுகுப் பக்கம்."

"அப்புறம் ஏன் அங்கிள் இல்லன்னு சொன்னீங்க?"

"இருக்குன்னா அவரு ஜெயிச்சிருவாரு. அதோட எழுதறத நிறுத்திருவாரு. எனக்கு வேற யாரு இருக்கா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு மனிதர் காலமெல்லாம் நம்பியதை, தபால் நின்றுவிடக் கூடாது என்பதற்காக மறைத்திருக்கிறார். ஒரு நாள் தே தாரிக் குடிக்க வாங்க என்று கூப்பிட்டிருந்தால் மாமா ஓடியிருப்பார். மாமாவும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம். இவ்வளவு படித்து என்ன பிரயோசனம்?

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? அவருகிட்டச் சொல்லுங்க" என்று சுவரில் இருந்த மாமாவின் படத்தைக் காட்டினேன்.

ஆத்திரத்தில் சொன்னதுதான். அவர் நிஜமாகவே எழுந்து போனார். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று, "நீங்க சொன்னதுதான் சரி, மேஜர்" என்றார்.

அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் மாமா அத்தனை கடிதமும் எழுதினார்.