கால்மாட்டில் சேராத கொடி

“படத்தைச் சுத்தி ஓரத்துல வர்ற கொடி கீழ வலது மூலையில சேரலையே ரேச்சல், வரைய மறந்துட்டீங்களா?” என்று கேட்டார் பதிப்பாசிரியர் எழிலன்.

“மறக்கல சார். அங்க சேர்க்கக் கூடாது.”

“ஏன்?”

“எங்கப்பா சேர்க்க மாட்டாரு.”

“அப்பாவும் ஓவியரா? அதானே பார்த்தேன். இந்த நெளிவெல்லாம் பாரீஸ் சுவரொட்டி மாதிரியே இருக்கு.”

“அவர் சவப்பெட்டி செய்யறாரு சார். மூடியைச் சுத்தி வெள்ளித்தாள்ல கொடி வெட்டி ஒட்டுவாரு. கால்மாட்டுல மட்டும் ரெண்டு நுனியையும் சேர்க்க மாட்டாரு. சேர்த்தா அதே வீட்டுக்கு இன்னொரு பெட்டி கேட்டு வருவாங்களாம்.”

எழிலன் படத்தின் மேல் வைத்திருந்த விரலை மெல்ல எடுத்துக்கொண்டார். “இது குழந்தைங்க புத்தகம்மா,” என்றார்.

அது 2003. துறைமுகத்தில் வழி தவறிய ஒரு நண்டின் கதை. ரேச்சலுக்குக் கிடைத்த முதல் புத்தகம். எழிலன் இரண்டு மாற்றங்கள் கேட்டார். கொடியைச் சேர்த்துவிட வேண்டும். ஓவியரைப் பற்றிய குறிப்பில் ‘ஐரோப்பிய அலங்காரக் கலையில் பயின்றவர்’ என்று மட்டும் போட வேண்டும். ரேச்சல் அதிகம் பேசுகிறவள் இல்லை. அப்பாவின் கடைத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு ராயபுரத்துக்குப் பேருந்து ஏறினாள்.

ஐரோப்பா பொய்யில்லை. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் ஒருநாள் திரையில் ஆர் நூவோ என்ற நூறு வருடப் பழைய பாரீஸ் பாணியின் சுவரொட்டிகளைக் காட்டினார்கள். சாட்டையைச் சுழற்றியதுபோல நெளிந்த தண்டுகள், பெண்களின் கூந்தலாகவே மாறிப்போன கொடிகள். வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, ரேச்சல் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பேராசிரியர் முறைத்தார். அவள் கேலி செய்யவில்லை. அதே கொடி அவள் வீட்டில் பசை காயக் கிடந்தது. அப்பா யேசுதாஸ் வெள்ளித்தாளை மடித்து, பென்சில் கோடு இல்லாமல் கத்தரியால் வெட்டுவார். அம்மா ஐரீன் பெட்டிக்குள் வைக்க சாட்டின் துணியில் கொசுவம் தைப்பாள். அன்றுமுதல் ரேச்சலின் நிறங்கள் பாரீஸிலிருந்து வந்தன, தண்டு அப்பாவிடமிருந்து. நண்டுக் கதையின் கடலலைகள் முழுக்க அம்மாவின் கொசுவங்கள்தான்.

நடந்ததைச் சொன்னதும் ஐரீன் தையல் மிஷினை நிறுத்தினாள். “இன்னாத்துக்குடி அத்தப் போயி அங்க சொன்ன? நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வர்றவன் இன்னா நெனப்பான்?”

“பொட்டி செய்யறவர் பொண்ணுன்னு நெனப்பான். அதானே நான்?”

“பாருய்யா உம் பொண்ண. வாயே தொறக்காது. தொறந்தா இப்பிடி!”

யேசுதாஸ் உதட்டில் கவ்வியிருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்துப் பலகையில் அடித்தார்.

மறுநாள் தொலைபேசி அடித்தது. வழக்கம்போல அவர்தான் எடுத்தார். “சொல்லுங்க. நீளம் இன்னா?”

எதிர்முனை புத்தகம் எத்தனை பக்கம் என்று சொன்னது.

“பக்கமெல்லாம் வாணாம் சார். ஆள் ஒயரம் சொல்லுங்க, போதும். பெரியவங்களா, கொயந்தையா?”

ரேச்சல் ஓடிவந்து கருவியைப் பிடுங்கினாள். எழிலன் இறங்கி வந்திருந்தார். கொடி அப்படியே இருக்கட்டும், அப்பாவையும் போட்டுவிடலாம். ஆனால் ‘மரவேலைக் கலைஞர்’ என்று.

“மரவேலை இல்ல சார். சவப்பெட்டி. அப்பிடியே போடுங்க. முடியாதுன்னா என் படங்களைக் குடுத்துடுங்க.”

“முதல் புத்தகம்மா. யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சுட்டேன் சார். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்.”

அவள் வைத்ததும் யேசுதாஸ், அதற்குள் மறுபடி வாயில் கவ்வியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். “அவரு சொன்னதுல இன்னாம்மா தப்பு? மரவேலதான?”

“நீங்க கட்டில் செய்யறீங்களா நைனா?”

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார். மறுநாள் ரேச்சல் படங்களைத் திரும்ப வாங்கி வந்தாள். நண்டுக்கு வேறு யாரோ வரைந்தார்கள். அதன்பின் கேட்டு வந்தவர்கள் எல்லாரிடமும் அந்த ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பென்சிலை எடுத்தாள். சிலர் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் அச்சிட்டார்கள்.

யேசுதாஸ் அவளிடம் அதிகம் கேட்டதில்லை. அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று கான்வென்ட் வாசலில் நின்று ஒன்று கேட்டார். நகக்கண்களில் வெள்ளித்தாள் மினுங்கிய விரல்களைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு, அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“கிளாஸ்ல உங்கப்பா இன்னா வேலைன்னு கேப்பாங்க. கார்பென்டர்னு சொல்லிடு கண்ணு. பொட்டின்னு மட்டும் சொல்லாத, இன்னா?”