நொட்டாங்கால் முதலில்

நண்பனின் மனைவி வாசலுக்கு வந்து, "அண்ணே, பெட்டிய முன்னால நின்னு நீங்கதான் தூக்கணும். அவுக சொல்லிட்டுப் போயிருக்காக" என்றபோது, எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. செத்தவனுக்காக இல்லை, எனக்காக. எனக்கு நடக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் இந்தத் தங்கச்சிக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறாள்.

கால் ஊனம் எல்லாம் கிடையாது. நாலு பேரோடு காலடி சேர்த்து நடக்க வராது, அவ்வளவுதான். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், பாஷை தெரியாத வடக்கில், ஒரு பயிற்சி மைதானத்தில் நாங்கள் இருவரும் முன்னும் பின்னுமாக நின்றோம். நான் பூண்டுச் சந்தை கூடும் வடுகபட்டிக்காரன். என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பூண்டு வாசம் அடிக்கும். அதனால் அவனுக்கு நான் 'பூண்டு'. அவன் மார்க்கையன்கோட்டைப் பக்கம், மாதா கோயில் உள்ள ஊர். ஹவில்தார் இந்தியில் கத்தியதும் என் மூளை பஸ் ஏறி ஊருக்குப் போய்விடும். இடது கை கிளம்பும்போதே இடது காலும் கூடக் கிளம்பும்.

பின்னாலிருந்து அவன், உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நொட்டாங்கால்... சோத்தாங்கால்... நொட்டா... சோத்தா..." என்று இடது வலதை ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வருவான். இந்திய ராணுவத்திலேயே சாப்பிடுகிற கையை நினைத்து நினைத்து அணிவகுத்த சிப்பாய் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிற்கச் சொன்னாலும் நிற்க மாட்டேன். ஓர் எட்டு கூட வைத்து முன்னால் இருப்பவன் முதுகில் மோதுவேன். அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். ஹவில்தார் மூச்சை இழுப்பதைப் பார்த்ததும் லேசாக ஓர் இருமல். இருமல் கேட்டால் நான் நிற்க வேண்டும்.

கடைசியில் அவன் நுரையீரல் கெட்டுப்போய்த் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போதும் வாய் குறையவில்லை.

"ஏலே பூண்டு, என்னய முன்னால நின்னு நீதான் தூக்கணும். நீ தூக்குற லட்சணத்துக்கு நான் எந்திரிச்சு நடந்தே போயிருவேன்லே."

"அப்ப இப்பவே எந்திரி. ஆட்டோ காசாவது மிஞ்சும்."

சிரித்தான். சிரிப்பு இருமலானது, இருமலில் ரத்தம் வந்தது. நான் கட்டிலோரம் விறைத்து நின்றேன். "அண்ணே, என்ன நிக்கிறீக! நர்ஸக் கூப்பிடுங்க!" என்று அவன் மனைவி கத்திய பிறகுதான் ஓடினேன். மூச்சு திரும்பியதும் அவன் அவளிடம் முதலில் சொன்னது, நான் ஏன் நின்றேன் என்ற கதையைத்தான்.

அடக்கத்தன்று மழை விட்டிருந்தது. கல்லறைக்குப் போகும் வயல் பாதையில் வண்டி இறங்காது. பென்ஷன் வாங்கும் நாலு பேர் தோளில் ஏற்றினோம். ஒரு காலத்தில் நெல் மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டியவன். பெட்டி கனக்கவே இல்லை. முதல் எட்டே எனக்குத் தப்பியது. கனம் இருந்தால் அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

"நொட்டா... சோத்தா... நொட்டா... சோத்தா..." என்று நானே முணுமுணுத்தேன்.

பின்னால் தூக்கியவர், "என்னப்பா, ஜெபமா?" என்றார்.

"ஆமாண்ணே. பழைய ஜெபம்."

சேற்றில் எப்படியோ வழுக்காமல் வந்துவிட்டோம். குழியும் தெரிந்தது. மற்ற மூவரும் நின்றார்கள். என் காது பின்னால் எதற்கோ காத்திருந்தது. அது வரவில்லை. நான் இன்னோர் எட்டு வைத்தேன்.

குழியோரத்து ஈர மண் முழங்கால் வரை என்னை வாங்கிக்கொண்டது. பெட்டி சாய்ந்தது. உள்ளே அவன் சரிந்து வந்து பலகையில் முட்டிய சத்தம் என் காதை ஒட்டிக் கேட்டது. பெண்கள் அலறினார்கள். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள், யாரோ பெட்டியைத் தாங்கினார்கள். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவன் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காறித் துப்பப்போகிறாள் என்று தலையைக் குனிந்தேன்.

"விடுங்கண்ணே" என்றாள். "இருமுறதுக்கு ஆளு இல்லேல்ல."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு காலைக் குழி மண்ணில் விட்டபடி அப்படியே நின்றேன்.