மருதமுத்துவின் முதுகில் இருந்த படி

கவ்வாத்து மருதமுத்து தூக்கத்திலேயே போய்விட்டார் என்று போன வாரம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் கங்காணி வந்து சொன்னார். உயிரோடிருந்தபோது அவரை நான் ‘அவர்’ என்று சொன்னதே இல்லை. பெரகலைக்கு மேலே இந்தத் தோட்டத்தில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டக் குனிந்தால் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறது என்று ஆறு வருடம் தோட்டத்து வைத்தியனான என்னிடம் வந்தார். மருந்துக் காம்பராவின் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். நான் உள்ளே இருந்தபடி, கை படாமல், அவருடைய போத்தலில் தைலத்தை உயர்த்தி ஊற்றுவேன். சாதி பார்த்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களைத் தொடாமலே வைத்தியம் செய்தவன் நான்.

“ஒரு தடவ கை வச்சுப் பாருங்க டாக்கரையா, உள்ள என்னமோ எறங்கியிருக்கு” என்பார்.

“வேலைன்னாத்தான் ஒனக்கு வலிக்கும்” என்று சிரித்து அனுப்பிவிடுவேன். வேலைக்கள்ளன் என்று துரையிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவரால் நிற்கவே முடியாமற்போன பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் என் விரலைப் பிடித்து மருதமுத்துவின் இடுப்பில் வைத்தார். வாசற்படி போல ஓர் இறக்கம். முள்ளெலும்பு ஒன்று முன்னால் சரிந்திருந்தது. கொழும்பில் அறுவை செய்து ஒட்டலாம் என்று டாக்டர் இங்கிலீஷில் விளக்கினார். கீழ்க்காலிலிருந்து எலும்புச் சீவல் எடுத்து முதுகில் பதிப்பது ஒரு முறை. பிடிமானம் நன்றாயிருக்கும், காலிலும் புண்ணாகும். முதுகு முள்களையே உடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கூடவிடுவது மற்றது; கால் தப்பும். இரண்டிலும் மாதக்கணக்கில் படுக்கை.

“எந்த முறையும் சரிந்ததைப் பின்னால் இழுக்காது. சரிந்த இடத்தில் நிறுத்தும், அவ்வளவுதான். முன்பே ஏன் கொண்டுவரவில்லை?” என்றார்.

அந்தக் கேள்வியை மட்டும் நான் மருதமுத்துவுக்குத் தமிழில் சொல்லவில்லை.

“கால விட்டுடச் சொல்லுங்க. மலையேற அதுதான் இருக்கு” என்றார் அவர். பிறகு, அவர் பார்க்கவே, நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அவர்தான் எனக்காகச் சாக்குச் சொன்னார்: “ஒரே வேர்வைங்க. நல்லாக் கழுவிக்கங்க.”

கொழும்பில் அறுவை முடிந்து எலும்பு கூடியது. வலி குறைந்தது, வளைவு நிமிரவில்லை. அதற்குப் பிறகும் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் கும்பிட்டுத்தான் போனார். எனக்கு முகம் கொடுக்க வெட்கமாக இருந்தது. மருந்துப் போத்தல்களைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

போன வாரம் அவர் உடலைக் குளிப்பாட்டும்போது நானும் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். படி அங்கேயே இருந்தது. “தொட்டுட்டீங்களே ஐயா” என்றார் அவர் மனைவி. “அவரு பாத்திருக்கணும்.”

அந்தப் படியும் அவர் சொன்ன சாக்கும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. மறுநாள் இடுப்பு வலி என்று ஒருவர் ஜன்னலில் வந்து நின்றார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே அவரிடம் போனேன்.