ரெண்டு சுழி ‘ன’

என் நாக்குக்கு வலு போதாது என்று அந்த தெரபிஸ்ட் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகுந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் எனக்கு நாக்கு நீளம் என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா அதை நினைத்துத்தான் பயந்தாள். “நரம்பில்லாத நாக்கு, பாத்துப் பேசுடி” என்பாள். அப்படிப் பேரெடுத்த நாக்கை ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது சோர்ந்து கிடக்கிறது, தூக்கத்தில் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்று அந்த வெள்ளைக்காரப் பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். மாமியாரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அங்கே போய் வாயைப் பிளந்துகொண்டு நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் என் மகள். அவள் என் காரில் ஏறுவதை நிறுத்தியிருந்தாள்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில். என் கணவர் காலையில் ரயில் பிடித்து நியூயார்க் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எனக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் மகளை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நீச்சல் பயிற்சிக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது என் பொறுப்பு. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. தரையில் சோம்பேறி. தண்ணீரில் இறங்கினால் வேறு பிள்ளை. கரையில் நின்று பார்க்கையில் இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அது குளிர் விடாத ஒரு மார்ச் சாயங்காலம். பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹீட்டர் போட்டிருந்தேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், காருக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம். பின் சீட்டிலிருந்து “அம்மா!” என்று ஓர் அலறல். ஓரக் கோட்டைத் தாண்டினால் டயர் அதிர வேண்டும் என்று சாலையில் வரிவரியாகக் கீறி வைத்திருப்பார்களே, அதன்மேல் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். பக்கத்து லேனில் வந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் எங்களைக் கடந்து போனான்.

“அம்மா, யூ வேர் ஸ்லீப்பிங்” என்றாள்.

“இல்லடா. வெயில் கண்ணுல அடிச்சுது.”

“நோ. ஐ சா யூ இன் த மிரர். யுவர் மவுத் வாஸ் ஓப்பன்.”

அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. நாளைக்கு என்ன சமையல், ஊரில் எனக்கு எத்தனை டீச்சர்கள், சிவப்பு பிடிக்குமா நீலம் பிடிக்குமா என்று கேள்விமேல் கேள்வி. எதற்கும் அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. நான் விழித்திருக்கிறேனா என்று தெரிந்தால் போதும். அந்தச் சின்னக் குரல் நடுங்கியபடியே நாங்கள் இறங்கும் எட்டு ஏ எக்ஸிட் வரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து காரணங்கள் தொடங்கின. எதிர் வீட்டுப் பெண்ணும் அதே பயிற்சிக்குப் போகிறாள், அவளோடு போகிறேன் என்றாள். பள்ளிக்கு பஸ்ஸே போதும் என்றாள். லைப்ரரிக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவார் என்றாள். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டாவது சமாதானம் செய்திருப்பேன்.

கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். “ராத்திரி படுத்தவொடனே கொறட்டை விட்டுத் தூங்குறியேம்மா. எனக்குத்தான் தூக்கம் வராது. உன்ன மாதிரி குடுத்து வெச்சவங்க யாரு?”

கொடுத்து வைத்தவள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்பது எங்கள் இரண்டு குடும்பத்திலும் கேள்வி கேட்காத நம்பிக்கை. இருந்தாலும் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து விரலில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, நீங்கள் தூங்கவே இல்லை, ராத்திரி முழுக்க மூச்சு நின்று நின்று அதற்காகப் போராடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். இது சரியாகும்வரை கார் ஓட்டாதீர்கள் என்றும் சொன்னார். சாவியைக் கணவரிடம் கொடுத்தேன். இந்த ஊரில் கார் சாவி இல்லாதவள் கை இல்லாதவளுக்குச் சமம்.

மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் வந்தது. அது காற்றை மெல்ல மூக்குக்குள் தள்ளித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும். ஆனால் எனக்குத் தூக்கத்தில் வாய் திறந்துவிடும். மூக்கில் போன காற்று வாய் வழியே புஸ்ஸென்று வெளியேறிவிடும். காலையில் நாக்கு காய்ந்த மாவடு மாதிரி ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் டாக்டர், வாய்க்கும் நாக்குக்கும் பயிற்சி தரும் அந்த தெரபிஸ்டிடம் அனுப்பினார். “மெஷினுக்குப் பதிலாக இல்லை, துணையாக” என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

தெரபிஸ்ட் என் கன்னத்தின் அடியில் விரலை வைத்து அழுத்தினாள். உயிர் போயிற்று. தாடைத் தசை கல்லாக இருக்கிறது, நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குகிறவர் என்றாள். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றுதான் பெண் பிள்ளையை வளர்ப்பார்கள். நான் அதைத் தூக்கத்திலும் செய்திருக்கிறேன். நல்ல பெண்!

பயிற்சிகள் பார்க்கச் சுலபம். உதட்டை மூடி மூக்கால் மூச்சுவிட வேண்டும். நாக்கு முழுவதையும் அண்ணத்தில் ஒட்டவைத்து, ஒட்டியபடியே தாடையை மெல்லத் திறந்து மூட வேண்டும். பல்லைத் தள்ளாமல் எச்சில் விழுங்க வேண்டும். சும்மா இருக்கும்போதெல்லாம் நாக்கின் நுனி மேலே ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் எது என்று கேட்டேன். “நோ என்று சொல்லத் தொடங்கி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு எங்கே இருக்கிறதோ அதுதான்” என்றாள். அதற்கடுத்த சந்திப்புகள் எல்லாம் வீடியோவில்.

வெறியோடு செய்தேன். வெங்காயம் நறுக்கும்போது, மீட்டிங்கில் மற்றவர்கள் பேசும்போது, துணி மடிக்கும்போது, நாக்கை அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாய் திறந்துகொண்டுதான் இருந்தது. காற்று போய்க்கொண்டுதான் இருந்தது. போதாக்குறைக்கு முன்பல் வலிக்க ஆரம்பித்தது. பொறுமையாக இருங்கள், தசை பழக மாதங்கள் ஆகும் என்றாள் தெரபிஸ்ட். பொறுமை என்ற சொல்லை யாராவது என்னிடம் சொன்னால் எனக்குப் பொறுமை போய்விடும்.

அப்போதுதான் எதிர் வீட்டுக்காரி வந்தாள். அவள் கணவருக்கு டெக்ஸாஸில் வேலை மாற்றம். பள்ளி லீவு விட்டதும் அங்கே ஆலன் என்ற ஊருக்குப் போகிறார்கள். காபியைக் குடித்துவிட்டு எழுந்தவள் கதவருகே நின்றாள்.

“உங்க பொண்ணு எங்கிட்ட ஒண்ணு கேட்டா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. ஆனா எனக்கு மனசு கேக்கல.”

“என்ன கேட்டா?”

“ஆன்ட்டி, நீங்க போயிட்டா வேற யாராவது கார்ல எனக்கு எடம் கெடைக்குமான்னு கேட்டா. ஏன்டா, அம்மாவுக்குச் சரியாயிடுமேன்னேன். தலைய குனிஞ்சுக்கிட்டா.”

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை பிறத்தியார் காரில் இடம் கேட்கிறது.

அந்த வாரமே மகள் வந்து அறிவித்தாள். “ஐ டோன்ட் லைக் ஸ்விம்மிங் எனிமோர். அடுத்த சீசன் வேணாம்.”

பச்சைப் பொய். ஆத்திரம் தலைக்கேறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவள் கையில் நீச்சல் கண்ணாடி இருந்தது. பேசிக்கொண்டே அதைச் சட்டை நுனியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததை விழுங்கினேன். குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்காக அவள் பொய் சொல்கிறாள். என்னை அவமானப்படுத்தக் கூடாது என்று அவளுக்குப் பிடித்த ஒன்றே ஒன்றை விடுகிறாள். இந்தப் பாழாய்ப்போன நாக்கு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

தமிழ்ப் பள்ளியில் ஆண்டுத் தேர்வு வந்தது. சமையலறை மேஜையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அவள் சலித்துக்கொண்டிருந்தாள். மனம், மணம். பனி, பணி. “வொய் டூ யூ கைஸ் நீட் த்ரீ என்ஸ்?”

பாத்திரம் அடுக்கியபடியே பிரசங்கத்தைத் தொடங்கினேன். “மூணும் வேற வேறடா. ந சொன்னா நாக்கு பல்லுல இடிக்கும். ரெண்டு சுழி ன சொன்னா பல்லுக்கு மேல, அந்த மேட்டுல. மூணு சுழி ண-வுக்கு நாக்க மடக்கி இன்னும் உள்ள. சொல்லிப் பாரு.”

சொல்லிப் பார்த்தாள். ந. ன. ண. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“அம்மா, உன் எக்ஸர்சைஸ். விச் என்?”

“நோ சொல்றப்ப நாக்கு எங்க இருக்கோ, அங்க.”

“ஸே இட்.”

“நோ.”

“தட்ஸ் நாட் நோ.” எழுந்து வந்து என் எதிரில் நின்று வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியை மேலே வைத்து விரலால் தொட்டுக் காட்டினாள். பல்லில் இல்லை. பல்லுக்கு மேலே, மேட்டில். “நீ ந சொல்ற. அவங்க சொல்றது ரெண்டு சுழி, அம்மா!”

கையில் தட்டோடு நின்றேன். நோ என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு நேராகப் போய்ப் பல்லில் இடித்தது. தமிழில் ஒரு சொல்லின் முதலில் ரெண்டு சுழி வராது. அதனால் நோ-வையும் நாம் ந போட்டுத்தான் எழுதுகிறோம், அப்படியேதான் சொல்லவும் செய்கிறோம். அவளுக்கு மூன்றையும் விளக்கிப் பிரசங்கம் செய்தவள், இத்தனை நாளும் தவறான எழுத்தில் நின்று முன்பல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அடுத்த வீடியோவில் தெரபிஸ்டிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான்தான் வாயைத் திறந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டாள். ஒரே எழுத்துக்கு மூன்று இடமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மகள் என்னை விடவில்லை. மாடியிலிருந்து, சோபாவிலிருந்து, “அம்மா, ரெண்டு சுழி!” என்று கத்துவாள். உதடு மூடி, நாக்கு மேலே ஒட்டியிருக்கும் நான் “ம்” என்று மட்டும் சொல்வேன். என் கணவர் இந்த வீட்டில் இப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை என்றார். முறைத்தேன். பதில் சொல்ல முடியாதது அவருக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது.

கோடை முழுக்க அதுதான் வேலை. முதலில் முன்பல் வலி போயிற்று. பிறகு காலையில் வாய் காயாமல் எழுந்தேன். மெஷினில் காற்றுக் கசிவு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதே வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது. டாக்டர் மறுபடி சோதித்துவிட்டு, ஓட்டலாம் என்றார். மெஷினையும் பயிற்சியையும் விடக் கூடாது என்றார். கொஞ்ச நாள் தனியாகவே ஓட்டினேன். எதிர் வீட்டில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். நீச்சலுக்குப் பேர் கொடுக்கக் கடைசி வாரம் வந்தது.

“நான் கூட்டிட்டுப் போகட்டுமாடா?” என்று கேட்டேன்.

“ஐ வில் சிட் இன் த ஃப்ரண்ட்” என்றாள்.

முன் சீட்டில் உட்கார்ந்தாள், சாலையைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. போனைத் தொடவில்லை. பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் “ரெண்டு சுழி?” என்பாள். “ம்” என்பேன். டர்ன்பைக்கில் அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்கும். அப்போது மட்டும் அவள் கண் என்னை விட்டு ஓரக் கோட்டுக்குப் போகும். பிள்ளை எனக்குக் காவலாக வருகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொள்ளும். இலை உதிர்ந்தது, பனி பெய்தது. காவல் தளரவில்லை.

குளிர் விடாத ஒரு சாயங்காலம், மறுபடியும் மார்ச். கடுமையான பயிற்சி. ஈரத் தலையோடு ஏறினாள். டர்ன்பைக்கில் சேர்ந்த பிறகு, கேள்வி வரவில்லையே என்று நானே சொன்னேன்.

“ரெண்டு சுழிதான்டா.”

பதில் இல்லை. பக்கவாட்டில் பார்த்தேன். பெல்ட்டைப் பிடித்திருந்த கைகள் மடியில் நழுவிக் கிடந்தன. தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கண் மங்கினால் ஓட்ட முடியாது என்று அதையும் அடக்கிக்கொண்டேன். உதட்டை மூடி, நாக்கை அதன் இடத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து விட்டேன். அந்த இடம் வந்தது, போனது. அவள் விழிக்கவில்லை.